ஜீப் பேட்டரி மூன்றே நாளில் இறங்கிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போடி பக்கம் தோட்டத்துக்கு ஓட்டுகிற பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல். இரண்டு வாரத்துக்கு முன் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் பம்பர் மட்டத்துக்கு ஏறிவிட்டது, அதிலிருந்துதான் இந்தத் தொல்லை. நிறுத்தும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, மூன்றாம் நாள் காலையில் 12-க்குக் கீழே போய், சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும்தான்.

நெகட்டிவ் வயரைக் கழற்றி இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் அணைத்த பிறகும் 0.4 ஆம்பியர் ஓடுகிறது (0.05-க்குள் இருக்க வேண்டும் இல்லையா). ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எண் அசையவே இல்லை, அப்புறம் ஆல்டர்னேட்டரின் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) தடித்த வயரைக் கழற்றியதும் சட்டென்று 0.02-க்கு இறங்கியது. நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டாலும் அதன் பின்மூடி வெதுவெதுப்பாக இருக்கிறது, இடுக்கில் காய்ந்த சேறும் தெரிகிறது.

ஆனால் வண்டி ஓடும்போது 14.1 வோல்ட் சார்ஜ் சரியாகவே வருகிறது. அதற்குள் மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடுகிற டையோடு ஒன்று போய், அதன் வழியாகக் கசிகிறதோ என்று சந்தேகம்; அப்படிப் போயிருந்தாலும் இப்படிச் சார்ஜ் ஆகுமா? டையோடு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் ஏலக்காய் மூட்டை இறக்க இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறேன்.