ஏழு விநாடியும் எண்பதாவது பிறந்தநாளும்

கமலா அத்தை: [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!! 2026 ஆகஸ்ட் 12 அன்று பூமி ஏழு விநாடிகள் ஈர்ப்புவிசையை இழக்கப்போகிறது. நாசாவின் ரகசிய ஆவணம் கசிந்தது. இரண்டு கருந்துளைகளின் அலைகளே காரணம். உங்கள் அன்புக்குரிய அனைவருக்கும் அனுப்புங்கள்.

கமலா அத்தை: அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளை அன்றைக்குத்தானே வைத்திருக்கிறோம்? தேதியை மாற்றிவிடலாமா?

முரளி: புரளி.

சேகர் மாமா: உன் பெயரையே தப்பாக எழுதுகிறாயே.

வித்யா: அத்தை, இது ஏற்கெனவே மூன்று குழுக்களில் வந்துவிட்டது.

கமலா அத்தை: மூன்று குழுக்களில் வந்தால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சுதா சித்தி: 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும் என்றார்கள். “அழியப்போகிற உலகத்தில் கணக்கு எதற்கு” என்று சேகர் அண்ணன் எங்களிடம் கைமாற்று வாங்கினார். உலகம் இருக்கிறது.

சேகர் மாமா: அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

சுதா சித்தி: பதினான்கு வருடங்களாகத் தனியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ராஜு பெரியப்பா: எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். ஈர்ப்புவிசை சுவிட்சை அணைத்தால் போய்விடும் மின்விளக்கு அல்ல. அது பூமியின் நிறையிலிருந்து வருவது. ஈர்ப்பு போகவேண்டுமானால் நிறை போகவேண்டும், அதாவது பூமியே காணாமல் போகவேண்டும். நாசாவே இதைச் சொல்லி மறுத்துவிட்டது. ஆகஸ்ட் 12 அன்று உண்மையில் நடக்கவிருப்பது முழு சூரிய கிரகணம். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் முழுமையாகத் தெரியும். அந்தத் தேதியில் கொண்டுபோய் இந்தக் கதையை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

கமலா அத்தை: ஆக, கிரகணம் உண்மை.

ராஜு பெரியப்பா: கிரகணம் உண்மை. அதனால் யாருடைய எடையும் குறையாது. ஒவ்வோர் அமாவாசையிலும் நிலா ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. கொஞ்சம் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுவதால் நிழல் நம்மீது விழுவதில்லை, அவ்வளவுதான்.

சேகர் மாமா: எடை குறையாதா? ஏமாற்றம்.

முரளி: சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலம் அப்படியே இருக்க, நம்மை இழுக்கும் விசை மட்டும் ஏழு விநாடிகள் நின்றால், பூமத்திய ரேகையில் இருப்பவர் சுமார் 83 சென்டிமீட்டர் எழும்புவார். ஒரு மேசை உயரம். அதுவும் பூமி சுழல்வதால். துருவத்தில் நிற்பவர் அசையவே மாட்டார். காற்றும் கடலும் என்ன பாடுபடும் என்பது வேறு கதை.

கமலா அத்தை: 83 சென்டிமீட்டர் போதாதா, அப்பாவின் முழங்கால் போவதற்கு?

வித்யா: அத்தை!! நடக்காது என்றுதான் இத்தனை பேர் சொல்கிறோம்.

கமலா அத்தை: கருந்துளை அலை என்று போட்டிருக்கிறதே, அதுவும் பொய்யா?

ராஜு பெரியப்பா: நல்ல கேள்வி. அலைகள் உண்மை. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளைப் பிடிக்கவே கட்டிய லைகோ கருவிகள் முதன்முதலாக அவற்றைப் பிடித்தன. ஒன்று நிறையில் சூரியனைப்போல் சுமார் 36 மடங்கு, மற்றொன்று 29 மடங்கு. இப்படி இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒன்றாகிவிட்டன. மூன்று சூரியன்களின் நிறை அப்படியே அலையாகக் கிளம்பியது. அவ்வளவு பெரிய விபத்து! அது நம்மைக் கடந்தபோது, லைகோவின் நான்கு கிலோமீட்டர் குழாயின் நீளம் எவ்வளவு மாறியது தெரியுமா? ஒரு புரோட்டானின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று நம்மில் யாராவது தூக்கியெறியப்பட்டோமா?

சேகர் மாமா: 2015இல்தான் நான் மாடிப்படியில் விழுந்தேன்.

சுதா சித்தி: அதற்குக் காரணம் கருந்துளை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

வித்யா: பெரியப்பா, அந்தக் காக்கைக் கதை?

ராஜு பெரியப்பா: சொல்கிறேன். அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு என்ற இடத்தில் ஒரு லைகோ நிலையம் இருக்கிறது. அங்கே பதிவுகளில் அவ்வப்போது காரணம் புரியாத ஒரு தட்டல். கருந்துளையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. தேடிக்கொண்டே வெளியே போய்ப் பார்த்தால், குளிர்ந்த நைட்ரஜன் போகும் குழாயின்மேல் பனி உறைந்திருக்கிறது. அந்தப் பனியில் சின்னச் சின்ன அலகுத் தடங்கள். தாகமெடுத்த அண்டங்காக்கைகள் கொத்தித் தின்றிருக்கின்றன!

சுதா சித்தி: அண்டத்தைக் கேட்கிற கருவிக்கு அண்டங்காக்கையே இடைஞ்சலா!

முரளி: சித்தி, பிரமாதம்.

பாட்டி: ராஜு, நீயும் இப்படித்தான் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக அப்பாவின் ரேடியோவைக் கழற்றினாய். திருகுகள் இன்னும் என் டப்பாவில் இருக்கின்றன.

ராஜு பெரியப்பா: அதில் ஒரு திருகு குறைகிறது அம்மா. அதனால்தான்.

பாட்டி: நாற்பது வருடங்களாகவா?

வித்யா: பெரியப்பா இப்போது “தட்டச்சு செய்கிறார்” என்று காட்டுகிறது.

வித்யா: நின்றுவிட்டது.

முரளி: எல்லாம் இருக்கட்டும். ஆகஸ்ட் 12 என்ன கிழமை என்று யாராவது பார்த்தீர்களா? புதன்.

சுதா சித்தி: புதனா? எங்கள் இருவருக்கும் விடுப்பே கிடைக்காது.

வித்யா: எனக்கும்.

கமலா அத்தை: நான் முதலிலேயே மாற்றச் சொன்னேன்.

முரளி: ஈர்ப்புவிசைக்காகச் சொன்னீர்கள்.

கமலா அத்தை: மாற்றச் சொன்னேனா இல்லையா?

ராஜு பெரியப்பா: அப்படியானால் 15 சனி, இல்லாவிட்டால் 16 ஞாயிறு. ஆனால் புரளிக்குப் பயந்து மாற்றினோம் என்று யாரும் வெளியே சொல்லக்கூடாது.

கமலா அத்தை: ஞாயிறு.

சுதா சித்தி: சனி என்றால் மறுநாள் ஓய்வெடுக்கலாம்.

பாட்டி: அவரிடம் கேட்டேன். 12ஆம் தேதியே இருக்கட்டும் என்கிறார். ஏழு விநாடிகளாவது முழங்கால் வலிக்காதாம்.

வித்யா: தாத்தா!!!

முரளி: சனியா ஞாயிறா?

சேகர் மாமா: முடிவைச் சொல்லுங்கள், எல்லோருக்கும் நானே டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

சுதா சித்தி: யார் பணத்தில்?

சேகர் மாமா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]