மறுமொழி: டிபிஎம் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். ரேடியோ, வைஃபை போன்றவற்றின் குறிகைத் (சிக்னல்) திறனைச் சொல்லும் டிபிஎம் (dBm) அலகுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'டெசிபெல்-மில்லிவாட்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். கிலோவாட்-மணி என்றால் கிலோவாட்டை மணியால் பெருக்குகிறோம். அதே அச்சில் எழுதினால் மாணவர்கள் இதையும் பெருக்கல் அலகாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கோ திறனை 1 மில்லிவாட்டால் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்து, 10-ஆல் பெருக்குகிறோம். 1 மில்லிவாட் 0 டிபிஎம். 100 மில்லிவாட் 20. 1 வாட் 30. −100 டிபிஎம் என்பது 0.1 பிக்கோவாட். கழித்தல் குறியைப் பார்த்துத் திறனே சுழிக்குக் கீழே போய்விட்டதாக நினைப்பவர்கள் உண்டு. 1 மில்லிவாட்டைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

என் பரிந்துரை: மில்லிவாட்சார் டெசிபெல். இதே வழியில் டிபிடபிள்யூ வாட்சார் டெசிபெல், டிபிஐ சமதிசைசார் டெசிபெல், டிபிடி இருமுனைசார் டெசிபெல். கடைசி இரண்டும் ஆன்டெனா ஈட்டத்துக்கு, அதாவது ஆன்டெனா ஒரு திசையில் அலையை எவ்வளவு குவிக்கிறது என்பதற்கு: டிபிஐ எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடும், டிபிடி இருமுனை ஆன்டெனாவோடும் ஒப்பிடுகிறது. 0 டிபிடி என்றால் 2.15 டிபிஐ. விலைப்பட்டியலில் 'ஈட்டம் 8 டெசிபெல்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் இணைப்புக் கணக்கு (மறுமுனைக்கு எவ்வளவு திறன் போய்ச்சேரும் என்ற கணக்கு) 2 டெசிபெல்லுக்கு மேல் பிசகலாம்.

> எல்லாவற்றுக்கும் வெறும் டெசிபெல் போதாதா?

போதாது. ரேடியோ 20 டிபிஎம் தருகிறது. 2 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஆன்டெனா 8 டிபிஐ. 20 − 2 + 8 = 26; விடை டிபிஎம். மறுமுனையில் குறிகை −65 டிபிஎம், இரைச்சல் −95 டிபிஎம் என்றால் இடைவெளி 30. இது வெறும் டெசிபெல். ஒன்று திறன் மட்டம், மற்றது விகிதம். இன்னொரு பொறி: தனித்தனியே 20 டிபிஎம் தரும் இரண்டு பரப்பிகளின் கூட்டுத்திறன் 40 ஆகாது, 23 தான். மில்லிவாட்டுக்கு மாற்றிக் கூட்ட வேண்டும்: 100 + 100 = 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம்.

---

மறுமொழி: டிபிஎம் – தமிழில் எப்படிச் சொல்வது?

ஐயா, சொல் சரி. ஆனால் இடம்விட்டு 'மில்லிவாட் சார்' என்று யாராவது தட்டச்சிட்டால் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்! சேர்த்தே எழுத வேண்டும் என்று விளக்கத்தில் போட்டுவிடுங்கள். dBm என்ற குறியீட்டில் கைவைக்க வேண்டாம். dB என்ற அலகோடு m போன்ற எழுத்து ஒட்டுவதைத் தவிர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 'டெசிபெல் (1 மில்லிவாட்)' என்ற வடிவத்தை வைத்திருக்கிறது. பொறியாளர்கள் புழங்குவது டிபிஎம்தான்.

செல்பேசித் திரைக்கு ஒரு எச்சரிக்கை. 4ஜி-யில் குறிகை அளவாகக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) மொத்தத் திறனல்ல, ஒரு துணைச்சுமப்பிக்கான (அலைவரிசையைப் பிரித்த குறுகிய அலைகளில் ஒன்றுக்கான) சராசரி. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் துணைச்சுமப்பிகள் 1,200. ஆகவே முழுச் சுமையில் மொத்தத் திறன் அதைவிடச் சுமார் 31 டெசிபெல் கூடுதல். வைஃபையின் −70, 4ஜி-யின் −100 இரண்டையும் 'குறிகை வலிமை' என்ற ஒரே தலைப்பில் காட்டினால், 4ஜி ஆயிரம் மடங்கு மெலிந்தது என்று தப்புக்கணக்குப் போடுவார்கள். ஆர்எஸ்ஆர்பிக்குத் 'துணைச்சுமப்பித் திறன்' என்று தனிப்பெயர் வேண்டும்; அலகு இரண்டுக்கும் மில்லிவாட்சார் டெசிபெல்லே இருக்கட்டும்.