டஞ்சன் சிந்த்: வளவுல பதிஞ்ச ரிவர்ப் ஏன் நிக்க மாட்டேங்குது?

முகப்புக்காரன் (காரைக்குடி)
டஞ்சன் சிந்த், அதாவது பழைய கோட்டை, நிலவறைச் சூழலைக் கீபோர்டுல கொண்டுவர்ற இசை. ஆறு டிராக், மொத்தம் 40 நிமிஷம். யமஹா கீபோர்டுல கொயர், ஸ்டிரிங்ஸ் ரெண்டும்தான் பிரதானம். பிளகின்ல (கம்ப்யூட்டர் எஃபெக்ட்) 8 வினாடி ரிவர்ப் (எதிரொலி வால்) வச்சா எல்லாம் கூழாயிடுது. பூட்டிக் கிடக்கிற வீட்டு வளவுல கைதட்டி, போன்ல பதிஞ்சு கன்வல்யூஷன்ல (பதிஞ்ச இடத்தோட எதிரொலியை இசை மேல ஏத்துற எஃபெக்ட்) போட்டா தகர டப்பா மாதிரி கேட்குது. பழைய சாயலுக்காக கேசட்ல நாலு தடவை ஏத்தி இறக்கினதுல இரைச்சலும் சுருதி ஆட்டமும் வேற. எங்கே தப்பு?

பட்டாலை
இடமே தப்பு அண்ணே. வளவு நடுவுல வானம். மேலே போன சத்தம் திரும்பாது. 15×6×5 மீட்டர் கூடம்னு வைங்க, 450 கன மீட்டர். சாந்துச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் 5% சத்தத்தைக் குடிக்குதுன்னு போட்டா, எதிரொலி அடங்குற நேரம் சபைன் கணக்குல 3.7 வினாடி வரும். கூரைல 30 சதுர மீட்டர் திறந்திருந்தா அதுவே 1.5. கூரை மூடின போஜன ஹாலுக்குப் போங்க, கதவெல்லாம் சாத்துங்க. திருமயம் கோட்டைப் பக்கம் ஆசை வேண்டாம், பாத்தாதான் டஞ்சன், மேலே வெறும் திறந்த பாறை.

கைதட்டுல அடித்தொனி கிடையாது, தகரம் அதனாலதான். அதுக்குப் பதிலா ரூம் ஈக்யூ விசார்ட்னு அறையை அளக்குற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம். 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20,000 வரைக்கும் 15 வினாடி ஸ்வீப் (அடித்தொனிலேர்ந்து மேல்தொனிக்கு ஏறுற சத்தம்) ஸ்பீக்கர்ல விட்டுப் பதியுங்க, அப்புறம் 6 வினாடி அமைதி. மைக்கை ஸ்பீக்கர்லேர்ந்து 5, 6 மீட்டர் தள்ளி வைங்க. ஃபேன் ஓடக் கூடாது. புறா அடங்கின பிறகு, ராத்திரிதான் சரி. போன்ல பதியிறதா இருந்தா ஆட்டோ கெயினை அணைச்சே ஆகணும், இல்லேன்னா வால் அடங்க அடங்க அதுவே சத்தத்தைத் தூக்கிவிடும். ஸ்பீக்கர் கரகரன்னு உடையிற அளவுக்கு ஏத்தினா, கிடைக்கிற ஃபைல்ல அடிக்கு முன்னாடியே ஒரு பேய் எதிரொலி வந்து நிக்கும்.

ஃபைல் ஆரம்பத்துல இருக்கிற நேரடிச் சத்தத்தை வெட்டிட்டு, தனி சென்ட்ல (சத்தத்தைப் பிரிச்சு எஃபெக்டுக்கு அனுப்புற வழி) 100% வெட்-ஆ, அதாவது ரிவர்ப் சத்தம் மட்டும் வர்ற மாதிரி போடுங்க. ப்ரீ-டிலே (ரிவர்ப் ஆரம்பிக்கிற தாமதம்) 25 மில்லி செகண்ட், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே கட். உங்க கூழ் முக்கால்வாசி அந்தக் கட்டுலயே போயிடும்.

பழைய டெக்
நாலு தடவை எதுக்கு? ஒவ்வொரு தடவையும் புது இரைச்சல் சேரும். நாலு சேர்ந்தா ஒண்ணைவிட 6 டெசிபல் கூட, மேல்தொனியும் தேயும். ஒரே தடவை, சாதா டைப் 1 டேப்ல, உச்சத்துல டெக்கோட லெவல் மீட்டர் முள் +3 தொடுற மாதிரி ஏத்துங்க. ரிவர்ப் டேப்புக்கு முன்னாடி இருக்கணும். அப்பதான் வால் இரைச்சலுக்குள்ள போய்க் கரையும், இந்த வகை இசைல பாதி மாயமே அதுதான்.

ஆட்டம் டேப்போட குத்தம் இல்லை, பெல்ட். பழைய டெக்ல ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும். மாத்துறதுக்கு முன்னாடி புல்லியில ஒட்டினதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு எடுங்க. ஹெட்டுக்கும் அதே. பிஞ்ச் ரோலருக்கு மட்டும் சோப்புத் தண்ணி போதும். டேப் ஓரத்துல வெள்ளைப் பூசணம் தெரிஞ்சா அந்தக் கேசட்டை டெக்குள்ளேயே விடாதீங்க.

கரகரப்பிரியன்
ரிவர்ப் சரியானாலும் வாசிப்புல கூழ் வரும். இடது கைல முழுக் கார்டு பிடிக்காதீங்க, சட்ஜமும் பஞ்சமமும் போதும். காந்தாரம் மெலடிக்கு மட்டும். நிமிஷத்துக்கு 65, 70 பீட். நடபைரவி இருட்டு, கரகரப்பிரியால சதுஸ்ருதி தைவதம் வந்ததும் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். ஒரு டிராக் அது, ஒரு டிராக் இதுன்னு மாத்திப் பாருங்க. கீரவாணி வேண்டாம், காகலி நிஷாதம் விழுந்ததும் சினிமாப் பாட்டு ஆயிடும். கமகமும் வேண்டாம், பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தொட்டீங்கன்னா கோட்டை போய்க் கோயில் வந்துரும்!

முகப்புக்காரன்
பெல்ட் தார்தான், விரல் கறுப்பாயிடுச்சு. கொயருக்கும் ஸ்டிரிங்ஸுக்கும் ஒரே சென்ட் போதுமா?

பட்டாலை
ஒரே சென்ட்தான். ரெண்டும் ஒரே அறைல நிக்கணுமில்ல? கொயரை மட்டும் 6 டெசிபல் கூட அனுப்புங்க, பின்சுவர்ல போய் நிக்கும்.