12 மங்கீஸ்: எந்த டிஸ்க் வாங்கினால் கொழும்பில ஓடும்?

வெள்ளவத்தை வாசகன்

டெரி கில்லியமின்ர 12 மங்கீஸ் (1995) எண்ட காலப்பயணப் படத்தை டிஸ்கில வாங்கி வைக்க விருப்பம். ஒன்லைனில இண்டைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அதைவிட, திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்க வேண்டிய படம் இது. வீட்டில 55 இஞ்சி 4கே டிவியும் டிஸ்க் போடுற பிஎஸ்5உம் இருக்கு. லண்டனில இருந்து மச்சான் வாறார், கொண்டுவரச் சொல்லலாம். கனடாவிலயும் ஆக்கள் இருக்கினம்.

ஏரோ நிறுவனத்தின்ர புளூ-ரே, அதே நிறுவனத்தின்ர 4கே யூஎச்டி, பழைய யூனிவேர்சல் புளூ-ரே, டிவிடி எண்டு நாலு விதம் கிடக்கு. எது இஞ்ச ஓடும்? யூஎச்டிக்குக் கூடக் காசு குடுக்கிற அளவுக்கு வித்தியாசம் தெரியுமோ?

நேரச்சுழல்

முதலில் வலயக் குறியைப் பாருங்கள், அதாவது டிஸ்க் உலகின் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று பூட்டும் குறியை. இலங்கை டிவிடிக்கு 5ஆம் வலயம், புளூ-ரேக்கு சி வலயம். லண்டன் டிஸ்க் பி, கனடா டிஸ்க் ஏ. ஆனால் பிஎஸ்5 நீங்கள் இருக்கும் நாட்டைப் பார்ப்பதில்லை, அது எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்கும். கொழும்பில் விற்கும் பிஎஸ்5கள் டுபாய், சிங்கப்பூர், யப்பான் என்று பல வழியாக வந்தவை. லேபிளில் சிஎஃப்ஐ என்று தொடங்கும் மொடல் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 16 என்றால் ஐரோப்பா, மத்திய கிழக்கு: பி டிஸ்க் ஓடும். 15 அமெரிக்கா, 18 சிங்கப்பூர் பக்கம், 00 யப்பான்: இந்த மூன்றிலும் ஏ டிஸ்க்தான் ஓடும். செட்டிங்ஸில் நாட்டை மாற்றினாலும் இது மாறாது.

4கே யூஎச்டி டிஸ்குக்கு வலயக் குறியே இல்லை. லண்டனில் வாங்கினாலும் ரொறன்ரோவில் வாங்கினாலும் உங்கள் பிஎஸ்5இல் ஓடும். கொழும்பில் இருந்துகொண்டு ஆள் மூலம் எடுப்பிக்கிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

படத் தரத்திலும் அதுதான் முன்னுக்கு. ஏரோ 2018இல் வெளியிட்ட புளூ-ரே மூல நெகட்டிவ்விலிருந்து 4கேயில் புதுப்பிக்கப்பட்டது, கில்லியமே பார்த்து ஒப்புக்கொண்டது. 2022இல் வந்த யூஎச்டியும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். பழைய யூனிவேர்சல் புளூ-ரே அதற்கு முந்திய மாஸ்டரிலிருந்து (மூலப் பிரதியிலிருந்து) எடுத்தது. விளிம்புகளைச் செயற்கையாகக் கூராக்கியிருப்பதால் முகங்களைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். விலை குறைவு என்பதற்காக அதை எடுக்க வேண்டாம்.

யூஎச்டியில் எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் கூடிய விரிவில் காட்டும் முறை) டொல்பி விஷன் வடிவில் இருக்கிறது, ஆனால் பிஎஸ்5 டிஸ்கிலிருந்து டொல்பி விஷனை வெளியிடாது. உங்களுக்கு அதன் சாதாரண வடிவமான எச்டிஆர்10தான் கிடைக்கும். அதிலேயே நிலத்தடிக் காட்சிகளின் கறுப்புக்குள் இருப்பவை நன்றாகத் தெரியும்.

பம்பலப்பிட்டி இருட்டுத்திரை

டிவிடி பக்கம் போகவே வேணாம். ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) டிவிடியில படம் விநாடிக்கு 24 பிரேமுக்குப் பதிலா 25இல ஓடும். 129 நிமிசப் படம் 124 நிமிசத்தில முடிஞ்சிடும். நேரம் போனால் பரவாயில்லை, சத்தத்தின்ர சுருதியும் ஒரு அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவா மேல ஏறிடும். இந்தப் படத்தின்ர தொடக்க இசை அஸ்டோர் பியாசோல்லாவின்ர புன்டா டெல் எஸ்டே. அந்த பாண்டோனியனின்ர (ஒரு வகை அக்கோடியன்) கனம் சுருதி ஏறினவுடனே போயிடும். புளூ-ரேயிலயும் யூஎச்டியிலயும் 24 பிரேம் அப்பிடியே இருக்கு.

டிஸ்க் வந்தபிறகு டிவியைச் சரி செய்யாட்டி காசு வீண். எச்டிஎம்ஐ செருகின போர்ட்டுக்கு எல்ஜியில டீப் கலர், சாம்சுங்கில இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில என்ஹான்ஸ்ட் போர்மட் எண்டு ஒரு தெரிவு இருக்கும். அது நிப்பாட்டிக் கிடந்தால் எச்டிஆர் வராது. கேபிள் 18 ஜிகாபிட் தாங்கிறதா இருக்க வேணும். இடையில பழைய ஏவி ரிசீவர் இருந்து அது எச்டிசிபி 2.2 (நகலெடுக்காமல் தடுக்கிற பூட்டு) தெரியாததெண்டால் படம் 1080க்கு இறங்கும், இல்லாட்டி திரை கறுத்துப்போகும். பிஎஸ்5ஐ நேரா டிவிக்குக் குடுத்திட்டு, சத்தத்தை மட்டும் டிவியில இருந்து ரிசீவருக்கு எடுங்கோ.

பிறகு பிலிம்மேக்கர் மோட் போடுங்கோ. மோஷன் ஸ்மூதிங், எனர்ஜி சேவிங் ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. எனர்ஜி சேவிங்தான் கன வீடுகளில கள்ளன். 'எச்டிஆர் இருட்டா இருக்கு' எண்டு சொல்லுறதில அரைவாசி அதால வாறது.

படம் முழுசாத் தெரியுதோ எண்டு பார்க்க ஒரு வழி இருக்கு. இது 1.85:1 படம், டிவி 1.78:1. அதால 4கேயில மேலயும் கீழயும் 42 பிக்சல் அளவில மெல்லிய கறுப்புப் பட்டி தெரிய வேணும். தெரியாட்டி டிவி ஓவர்ஸ்கான் செய்து ஓரத்தை வெட்டுது. ஜஸ்ட் ஸ்கான் அல்லது பிட் டு ஸ்கிரீன் போடுங்கோ. கில்லியம் அகல லென்ஸ் வைச்சு, கமராவைச் சரிச்சு, பிரேமின்ர மூலையெல்லாம் பொருள் வைக்கிற ஆள். மூலையை வெட்டினால் அவரின்ர வேலையை வெட்டின மாதிரி.

நேரச்சுழல்

மூலை என்றதும் ஒன்று. டிஸ்கோடு வரும் 'தி ஹாம்ஸ்டர் பெக்டர்' ஆவணப்படத்தைத் தவற விடாதீர்கள். படத்தின் நாயகன் கோல் தன் இரத்தத்தைத் தானே எடுக்கும் காட்சியில் நிழலோடு நிழலாக ஒரு ஹாம்ஸ்டர் சக்கரத்துக்குள் ஓட வேண்டும் என்று கில்லியம் பிடிவாதமாக நின்ற கதையிலிருந்துதான் அந்தப் பெயர். டிவியைச் சரி செய்தபின் அந்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். நிழலுக்குள் அந்த அசைவு தெரிந்தால் கறுப்பு சரியாக அமைந்திருக்கிறது. வெறும் கறுப்பாக இருந்தால் பிளாக் லெவலை ஒரு படி ஏற்றுங்கள்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள். விமான நிலையக் கனவு திரும்பத் திரும்ப வருகிறதல்லவா, அவற்றைச் சப்டர் தாவித் தாவி அடுத்தடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறியிருக்கும். ஒன்றில் சிறுவனை இடித்துக்கொண்டு ஓடுபவனின் முகம் பிராட் பிட்டுடையது. கடந்த காலம் மாறவில்லை, கோலின் நினைவுதான் அன்றன்று சந்தித்த ஆட்களைக் கொண்டு தன்னைத் திருத்தி எழுதுகிறது. எதையும் தடுக்க அல்ல, கிருமியின் மூல வடிவத்தைத் தேடித்தான் அவனை 2035இலிருந்து அனுப்புகிறார்கள் என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் முடிவு ஏமாற்றமாகத் தெரியாது. தியேட்டரில் ஒரே ஓட்டமாகப் பார்க்கும்போது இது பிடிபடுவது கடினம்.

கொட்டாஞ்சேனை 13

டிஸ்கைப் பாதுகாக்கிறதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து டிஸ்க் மேல் பூஞ்சணம் பிடிக்கும். யூஎச்டியில் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதோடு 66 அல்லது 100 ஜிபியை அதே வட்டுக்குள் அடைத்திருப்பதால் ஒரு விரல் ரேகையே படத்தை நடுவில் உறைய வைக்கும். உறைந்தால் டிஸ்க் பழுது என்று உடனே எறிய வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவுத் தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிளேயரால் அதைத் திருத்திப் படிக்க முடியாது. பெட்டிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வேண்டாம்.

கனடாவிலிருந்து தனிப் பிளேயர் எடுப்பிக்கும் யோசனை இருந்தால், பின்னால் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றால் நம்முடைய 230இல் செருகியவுடன் பவர் சப்ளை எரியும்.

வெள்ளவத்தை வாசகன்

நன்றி, எல்லாருக்கும். லேபிளைப் பார்த்தேன், கடைசி எண் 18. அப்ப லண்டன் புளூ-ரே ஓடாது, யூஎச்டி ஓடும், சரிதானே? லா ஜெட்டேயும் சேர்த்து எடுக்கலாமோ?

நேரச்சுழல்

சரி. யூஎச்டியை லண்டனிலிருந்தே எடுப்பியுங்கள். கிறிஸ் மார்க்கரின் லா ஜெட்டே (1962), இந்தப் படத்துக்கு வித்து, கிறைற்றீரியன் நிறுவனத்தின் அமெரிக்க புளூ-ரேயில் அவரின் இன்னொரு படமான சான் சொலேயோடு சேர்ந்து இருக்கிறது. அது ஏ வலயம், உங்கள் 18இல் ஓடும். அதைக் கனடா ஆட்களிடம் சொல்லுங்கள். 28 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்கள். முதலில் அதைப் பாருங்கள், பிறகு 12 மங்கீஸ். ஹிட்ச்கொக்கின் வேர்ட்டிகோவில் வரும் வெட்டப்பட்ட மரத்தின் வளையங்கள் இரண்டு படத்துக்குள்ளும் எப்படி வந்து சேர்கின்றன என்று அந்த வரிசையில்தான் நன்றாகத் தெரியும்.