பி.எஸ்.ஏ. ஏறவில்லை, ஆனால் முதுகுவலி குறையவில்லை: இரத்தப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி

வணக்கம். என் தந்தைக்கு வயது 71. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவிய நிலையில் கண்டறியப்பட்டு, ஒன்றரை ஆண்டாக, ஆண் ஹார்மோனை அடக்கும் லூப்ரோலைடு ஊசியும் அபிராடெரோன் மாத்திரையும் எடுத்து வருகிறார். தொடக்கத்தில் 86 ஆக இருந்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் புரத அளவு) இப்போது 0.4, சென்ற மூன்று பரிசோதனைகளிலும் அது ஏறவில்லை. ஆனால் சில வாரங்களாகக் கீழ்முதுகில் கடும் வலி. இரவில் புரண்டு படுக்கவும் முடியவில்லை. எடை குறைகிறது, அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு, கல்லீரல் பாதிப்பில் இரத்தத்தில் உயரும் நொதி) 240 ஆக உயர்ந்துள்ளது. "பி.எஸ்.ஏ. கட்டுக்குள் இருக்கிறது, வயதானால் முதுகுவலி இயல்புதான்" என்று சொல்லி வலி மாத்திரை மட்டும் தந்தார்கள். எண் சரியாக இருக்கும்போதே நோய் வளர முடியுமா? ஸ்கேன் எடுக்கும்படி நாங்கள் வற்புறுத்தலாமா?

மறுமொழி 1 (புற்றுநோய் மருத்துவர்)

வளர முடியும், சகோதரி. பி.எஸ்.ஏ. என்பது கட்டியின் அளவு அன்று. புராஸ்டேட் செல்கள் ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் சுரக்கும் ஒரு புரதம். ஹார்மோனை அடக்கும் மருந்து செல்களை அழிப்பதோடு, அழியாமல் எஞ்சிய செல்களின் சுரப்பையும் குறைத்துவிடுவதால், எண் இறங்கியதை வைத்து நோய் முழுவதும் அடங்கிவிட்டது என்று முடிவு கட்ட இயலாது. ஆண் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் என்சாலுடமைடு மருந்துக்கான 'ப்ரிவெயில்' ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது, ஸ்கேனில் நோய் முற்றியது தெரிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பி.எஸ்.ஏ. உயரவே இல்லை.

சிலருக்குச் செல்களின் இயல்பே மாறி, நரம்பு நாளமில்லாச் சுரப்பி வகைப் புற்றுநோயாகிவிடும். அச்செல்கள் பி.எஸ்.ஏ.வை மிகக் குறைவாகவே சுரக்கும், கல்லீரலுக்கும் பரவக்கூடும். குரோமோகிரானின் ஏ போன்ற இரத்தப் பரிசோதனைகள் சந்தேகத்தை வலுப்படுத்தலாமே தவிர, உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான். உறுதியானால் பிளாட்டினம் சார்ந்த கீமோ தேவைப்படலாம். ஆகவே இதைக் கண்டறியாமல் விடுவது பெரிய இழப்பு.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் சிகிச்சையின் தொடக்க வாரங்களில் எலும்பு ஆறுவதாலும் உயரும். ஒன்றரை ஆண்டுக்குப் பின், வலியோடு சேர்ந்து உயர்ந்தால் அதை அப்படி விளக்கிவிட முடியாது. முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கேளுங்கள்; வற்புறுத்துவதில் தவறே இல்லை. கால்கள் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தண்டுவடம் அழுத்தப்பட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மறுமொழி 2 (ஆய்வகப் பணியாளர்)

ஆய்வகப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளில் ஒரே இரத்தம் வெவ்வேறு எண்ணைக் காட்டலாம் என்பதால் எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். தலைமுடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை அதிக அளவில் இருந்தால், சில கருவிகளில் பி.எஸ்.ஏ. பொய்யாகக் குறைந்து தெரியும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டூட்டாஸ்டரைடு, பினாஸ்டரைடு மாத்திரைகளோ அளவை உண்மையாகவே ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். தந்தையார் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண் உயர்ந்தாலும் உடனே அஞ்ச வேண்டியதில்லை. கதிர்வீச்சுக்குப் பின் சிலருக்கு அது தற்காலிகமாக ஏறித் தானாக இறங்குவதுண்டு. அதனால்தான் சிகிச்சைக்குப் பின் எட்டிய மிகக் குறைந்த அளவைவிட 2 கூடினால் மட்டுமே நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின்னோ 0.2 என்ற அளவு இருமுறை வந்தாலே போதும். எந்தச் சிகிச்சைக்குப் பிறகு என்று கேட்காமல் எண்ணை மட்டும் படிப்பது பயன் தராது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எம்.ஆர்.ஐ.க்கு எழுதி வாங்கிவிட்டோம். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனும் (புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தேடும் ஸ்கேன்) எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

மறுமொழி 1 (புற்றுநோய் மருத்துவர்)

பெரும்பாலும் நல்ல பரிசோதனைதான். எனினும் பி.எஸ்.ஏ. சுரப்பை இழந்த செல்கள் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தையும் இழந்திருக்கக்கூடும், அத்தகைய கட்டிகள் அந்த ஸ்கேனில் மங்கலாகவோ தெரியாமலோ போகும். உங்கள் தந்தையார் நிலையில், சர்க்கரையை அடிப்படையாகக் கொண்ட எப்.டி.ஜி. பெட் ஸ்கேனும் வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. முடிவுக்காக மட்டும் காத்திருக்காமல், வலியைத் தணிக்கக் கதிர்வீச்சு உதவுமா என்பதையும் அதே சந்திப்பில் பேசிவிடுங்கள்.