தங்கமுனைக்கு எழுதிய கதை: புதுப்பிப்பு

சிங்கப்பூரின் தங்கமுனை விருதுக்கு எழுதிய சிறுகதையில் கடைசிப் பத்தி ஒட்டவில்லை, வெட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வெட்டிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவெடுக்க வைத்தது அம்மாதான். தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்டார். தாத்தா கடைச் சாவியை மேசையில் வைக்கும் இடத்தில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியிருந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த வருடம் அனுப்பலாமே என்றார் ஒருவர். முடியாது, 1993இல் தொடங்கிய இந்தப் போட்டியைத் தேசியக் கலைகள் மன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துகிறது. ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழும் அதில் சமமாக நிற்பது எனக்கு ரொம்பப் பெருமை.

சரி, கதை போய்விட்டது. அப்புறம், வெட்டிய பத்தியைத் தூக்கிப் போடவில்லை. அதில் வரும் பாட்டிக்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது.