பழைய ஃபியூஸ் பாக்ஸ் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம், நாங்க இப்ப குடி வந்திருக்கிறது ஒரு பழைய வீடு, மெயின் போர்டுல பாதி பீங்கான் ஃபியூஸ் கட்டை, பாதி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்), ரெண்டும் கலந்து கிடக்கு. நேத்து அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் ஒண்ணா போட்டதும் ஃபியூஸ் போயிடுச்சு. மெயினை ஆஃப் பண்ணிட்டு கட்டையை உருவிப் பார்த்தா கம்பி நடுவுல உருகி, பீங்கான்ல கருப்பா புகை படிஞ்சிருக்கு. அது கூடப் பரவால்ல, பக்கத்து கட்டையில யாரோ ஃபியூஸ் கம்பிக்கு பதிலா ஒயர்ல இருந்து உரிச்ச செம்புக் கம்பியை மூணு இழை முறுக்கிப் போட்டிருக்காங்க, பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல. ஃபியூஸ் உருகாட்டி சுவருக்குள்ள ஓடுற ஒயர்தானே சூடாகும்?

எனக்குப் புரிஞ்ச வரை ஃபியூஸோ எம்சிபியோ காப்பாத்துறது ஒயரை, அதனால அடிக்கடி ட்ரிப் ஆகுதேன்னு ஒயர் சைஸ் பார்க்காம 16 ஆம்பியரை எடுத்துட்டு 32 மாட்டுறது தப்பு. ஷாக்ல இருந்து ஆளைக் காப்பாத்த கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியா வேணும், அது எங்க போர்டுல இல்ல, வீட்ல சின்னக் குழந்தை வேற இருக்கு.

நியூட்ரல்லயும் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கு, அது மட்டும் போனா லைட் அணைஞ்சாலும் ஃபேஸ்ல (கரண்ட் வர்ற ஒயர்) கரண்ட் இருக்கும்ல, அதை எடுத்துட்டு நேரா லிங்க் கொடுக்கணுமா? கட்டை எல்லாத்தையும் எம்சிபியா மாத்தினா பழைய ஒயரையும் மாத்தியே ஆகணுமா, இல்ல இன்சுலேஷன் டெஸ்ட் (ஒயர் மேலுறை நல்லா இருக்கான்னு பார்க்கிறது) பண்ணிப் பார்த்து முடிவு பண்ணலாமா? எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கேன், முதல்ல எதைச் செக் பண்ணச் சொல்லணும்னு அனுபவம் உள்ளவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும். அந்த செம்புக் கம்பி கட்டையை இப்போதைக்கு உருவி தனியா வச்சுட்டேன்.